கிளாஸ் 2 வெரிகோஸ் ஸ்டாக்கிங்ஸ்: முழங்காலுக்குக் கீழே பள்ளம், விரல் மரத்துப்போகுது. உதவி தேவை

மலர்_ஈரோடு:
ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை. நரம்புச் சுருட்டலுக்கு டாக்டர் எழுதிய முழங்கால் நீள ஸ்டாக்கிங்ஸ், கிளாஸ் 2, அதாவது 23–32 மி.மீ. பாதரச அழுத்தம். மேல்விளிம்பு சுருண்டு இறங்குவதால் ஒரு மடிப்பு மடித்துவிடுகிறேன். மதியத்துக்குள் அந்த இடத்தில் சிவந்த பள்ளம், அதற்குக் கீழே வீக்கம், பெருவிரல் மரத்துப்போகிறது. சுருட்டலும் அப்படியே தெரிகிறது. ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

கதிர்வேல்:
முதலில் மடிப்பைப் பிரித்துவிடுங்கள் சகோதரி. 23–32 என்பது கணுக்காலில் இருக்க வேண்டிய அழுத்தம். மேலே போகப் போகக் குறைய வேண்டும். துணி இரண்டடுக்கானால் அந்த இடத்தில் அழுத்தம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். முழங்காலுக்குக் கீழே சுற்றளவு ஆடுசதையைவிடக் குறைவு, அதனால் இன்னும் இறுக்கும். மேலேறும் ரத்தத்துக்கு நீங்களே தடுப்பு கட்டியது போல ஆகிவிடுகிறது. வீக்கம் அதனால்தான்.

சுருட்டல் மறையாதது ஸ்டாக்கிங்ஸின் குறை இல்லை. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரைக்குள் 80–90 மி.மீ. அழுத்தம் இருக்கும், 30 மி.மீ. வெளியிலிருந்து அழுத்தி அதை மூட முடியாது. நீர் திசுவுக்குள் கசிவதைக் குறைப்பதும், ஆடுசதை சுருங்கும்போது ரத்தத்தை மேலே தள்ள உதவுவதும்தான் அதன் வேலை. சதை அசைந்தால்தான் பலன். நின்ற இடத்திலேயே அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் கடைகள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். உட்காரக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

டாக்டர்_நிலா:
மரத்துப்போவதை அலட்சியம் செய்யாதீர்கள். இப்போதே கழற்றிவிட்டு விரல் நிறத்தைப் பாருங்கள். வெளுத்தோ நீலமாகவோ இருந்தாலும், கழற்றியும் உணர்வு திரும்பாவிட்டாலும் உடனே மருத்துவமனை. சர்க்கரை நோயோ, நடந்தால் ஆடுசதை பிடித்து நின்றால் விடும் வலியோ இருந்தால், கணுக்கால்–கை ரத்த அழுத்த விகிதம் பார்க்கும் வரை மறுபடி போட வேண்டாம். தமனி அடைப்புள்ள காலில் இந்த அழுத்தம் புண்ணையே உண்டாக்கும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

மலர்_ஈரோடு:
சர்க்கரை இல்லை டாக்டர். கழற்றியதும் உணர்வு வந்துவிட்டது, நிறமும் சரி. அளவு சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது எடுத்தது, அதுவும் ஆடுசதை மட்டும்.

கதிர்வேல்:
அங்கேதான் கோளாறு. வீங்கிய காலின் அளவில் வாங்கினால் கணுக்காலில் தளர்ந்து, மடிப்பு விழுந்து இறங்கும். காலையில் எழுந்த உடனே எடுங்கள்: கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே மிக ஒல்லியான சுற்றளவு, ஆடுசதையின் மிகப் பருத்த சுற்றளவு, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உயரம். மூன்றையும் அந்தக் கம்பெனி அட்டவணையில் பாருங்கள். கணுக்கால் அளவுதான் முதன்மை. நீளம் அதிகமாக இருப்பதாலும் சுருளும். குட்டை நீள மாடல் கேளுங்கள். விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும்.

போடும்போது குதிகால் பை வரை உள்புறத்தை வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாக உட்கார்ந்த பிறகு மற்றதை மேலே ஏற்றுங்கள். விளிம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையால் கீழிருந்து தடவிவிட்டால் சுருக்கம் போய்விடும். படுக்கையை விட்டு இறங்குமுன் போடுவது நல்லது. தவறினால் காலை உயர்த்திக் கால் மணி நேரம் படுத்துவிட்டுப் போடுங்கள்.