மாட்டுப் பண்ணையில் பங்கு வாங்கினால் வரி மிச்சமாம், நம்பலாமா?

நியூஜெர்சிவாசி:
வணக்கம். கூட வேலை செய்யறவர் ஒரு மாட்டுப் பண்ணைப் பங்கைக் காட்டறார். கையிலிருந்து கொஞ்சம் போட்டாப் போதும், மீதிக்குக் கடன் பத்திரம். போட்டதைவிட அதிகமா இந்த வருஷமே ரீஃபண்ட் வந்துடுமாம். வரிக் கணக்கையும் அவங்களே போட்டுத் தர்றாங்களாம். யாராவது சேர்ந்திருக்கீங்களா?

காங்கேயத்தான்:
தம்பி, வரிக் கணக்கையும் அவங்களே போட்டுத் தர்றாங்கன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் பக்குன்னு ஆயிருச்சுங்க. இங்க இருபது வருஷமா வரிக் கணக்குப் பார்க்கறவன் நான். அமெரிக்காவுல ஆரிகன் மாநிலத்து வால்டர் ஹாய்ட்னு ஒருத்தர் பண்ணினது அச்சு அசலா இதேதான். 1971லிருந்து 1998 வரைக்கும் நூத்துக்கு மேல மாட்டுக் கூட்டு நிறுவனங்கள். பெரிய விலைக்குப் பத்திரம், அந்த விலைக்குத் தேய்மானம், அதைக் காட்டி ரீஃபண்ட். வந்த ரீஃபண்டுல முக்கால் பங்கு ஹாய்ட்டுக்கு. வித்தவரும் அவரே, கணக்கு எழுதினவரும் அவரே!

மாடு? பத்திரத்துல இருந்த அளவு பட்டியில இல்லைங்க. இருந்ததுக்கும் எக்கச்சக்க விலை.

வேடிக்கை என்னன்னா, 1970களோட சில வருஷங்களுக்கு 1989ல வரி நீதிமன்றமே பங்கு போட்டவங்க பக்கம் தீர்ப்புச் சொல்லிருச்சு. அப்புறம் யார் சந்தேகப்படுவாங்க? கடைசியில 2001ல ஹாய்ட்டுக்கு 52 குற்றச்சாட்டுல தண்டனை, கிட்டத்தட்ட 20 வருஷம் ஜெயில், 10 கோடி டாலருக்கு மேல இழப்பீடு.

பங்கு போட்டவங்க பாடு அதோட முடியலை. பழைய வரி, அதுக்குப் பல வருஷ வட்டி, மேல அபராதம்னு ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) அவங்களைத்தான் பிடிச்சுது. நாங்களே ஏமாந்தவங்கன்னு சொன்னது பெரும்பாலும் எடுபடலை.

எங்கப்பா கண்ணபுரம் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்காம, சுழி பார்க்காம ஒரு கன்னுகூட வாங்கினதில்லை. நீங்க மாடு எந்த ஊர்ல நிக்குதுன்னாவது கேட்டீங்களா?

பெருந்துறைக்காரி:
எங்கூர் ஈமு கோழிப் பண்ணை மோசடியில பறவையாவது நெசமா இருந்துச்சு. 2012ல கம்பெனி கைவிரிச்சப்போ பட்டினி கிடந்த ஈமுவுக்கு அரசாங்கம்தான் தீனி போட்டுச்சு.

நியூஜெர்சிவாசி:
கேட்டேன் அண்ணா. நெப்ராஸ்கான்னார். என் பங்கு மாட்டோட காதுல மாட்டியிருக்கற அடையாள வில்லை நம்பர் வேணும்னேன். அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்கன்னு சிரிச்சார். இன்னிக்கு மதியம் அவர் வேற டேபிள்ல உட்கார்ந்து சாப்பிட்டார்.