இது கஸ்தூரி மஞ்சளா, கிச்சிலிக் கிழங்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, கஸ்தூரி மஞ்சள்னு நம்பி ஒரு கிழங்க தொட்டில நட்டு விட்டேன், நல்லா தளதளன்னு வந்துச்சு, ஆனா இலையோட நடு நரம்புல ஊதா கலர்ல ஒரு பட்டை ஓடுது. கஸ்தூரி மஞ்சள்னா இலைக்கு அடிப்பக்கம் வெல்வெட் மாதிரி மெத்துனு இருக்கணுமாமே, இது வழவழன்னு இருக்கு. ஊதா பட்டை கிச்சிலிக் கிழங்குக்குத்தானே வரும்? கருமஞ்சளுக்கும் வரும்தான், ஆனா அது உள்ள நீலமா இருக்கும், இத வெட்டிப் பாத்தா வெளிர் மஞ்சள். கற்பூர வாசனையும் அடிக்குது, அத வச்சு முடிவு பண்ண முடியல, ரெண்டுக்குமே அந்த வாசனை உண்டே!

முகத்துக்குப் பூசலாம்னுதான் நட்டேன், இப்ப என்ன கிழங்குன்னே தெரியாம தடவ பயமா இருக்கு. இலையெல்லாம் வேற காய ஆரம்பிச்சிடுச்சு, தோண்டி எடுக்கவா இல்ல மண்ணுலயே விடவா? வளத்தவங்க யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்.