1 டிபி ஹார்ட் டிஸ்க் 931 ஜிபி காட்டுகிறது, 15 கார்ட் வீடியோ கொள்ளுமா?

கொக்குவில் கமரா:
யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில் 1 டிபி எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டுது, உள்ளே ஒரு ஃபைல்கூட இல்லை. நல்லூர்த் திருவிழா வீடியோ நிரம்பிய 64 ஜிபி கார்ட் 15 இருக்கு, கூட்டினால் 960. எப்படிக் கொள்ளும்? திருப்பிக் கொடுக்கவா?

திருநெல்வேலி அண்ணை:
வேண்டாம் தம்பி, சரியான அளவுதான். டிஸ்க் செய்கிற கொம்பனிகள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுவார்கள், 1 டிபி என்றால் ஒரு இலட்சம் கோடி பைட். விண்டோஸ் அதே பைட்டை 1024ஆல் மூன்று தரம் பிரித்து 931 என்று சொல்லும், அதற்கும் ஜிபி என்றே போடுவதால்தான் இத்தனை குழப்பம். 1024 கணக்குக்கு ஜிஐபி என்று 1998இலேயே தனிப்பெயர் வந்துவிட்டது, விண்டோஸ் இன்னும் மாறவில்லை. டிஸ்கை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் பாருங்கோ, பக்கத்திலேயே 13 இலக்கத்தில் பைட் எண்ணும் இருக்கும்.

கார்ட்டும் இப்படித்தான். 64 என்று அச்சடித்த கார்ட்டை விண்டோஸ் 59.6 ஜிபி அளவில்தான் காட்டும். 15 கார்ட்டுக்கு 894, 931க்குள் தாராளமாகக் கொள்ளும். கார்ட்டுக்கு லேபிள் எண்ணும் டிஸ்குக்கு விண்டோஸ் எண்ணும் எடுத்துக் கழித்தால் கணக்கு ஒருநாளும் வராது.

சுன்னாகத்தான்:
அண்ணை சொன்னது சரி, ஆனால் 931 காட்டுவதை மட்டும் வைத்து டிஸ்க் அசல் என்று நம்பாதீர்கள். போலியில் டிஸ்கை இயக்கும் சிப்பான கொன்ட்ரோலரே பொய் அளவு சொல்லும், உள்ள இடம் நிரம்பியதும் பழைய ஃபைலின் மேலேயே எழுதிவிடும், கொப்பி முடிந்தது என்றும் காட்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுக்க எழுதித் திரும்ப வாசித்துப் பார்க்கும். விநாடிக்கு 100 எம்பி போனாலும் எழுத மட்டும் மூன்று மணித்தியாலம் கிட்டப் பிடிக்கும், வாசிக்கவும் அவ்வளவு, அதனால் இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். அது முடியாமல் ஒரு கார்ட்டையும் அழிக்க வேண்டாம், திருவிழாவைத் திரும்ப எடுக்க முடியாது.

கொக்குவில் கமரா:
நன்றி அண்ணை. டெஸ்ட் ஓடுது, இதுவரை பிழை இல்லை. இன்னொன்று, இதே டிஸ்கை நண்பரின் மேக்கில் போட்டபோது 1 டிபி என்றே வந்தது, அது ஏன்?

திருநெல்வேலி அண்ணை:
மேக் 2009இல் இருந்து ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது. பைட் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான், அப்புறம் மேக்கில் பார்த்தால் கார்ட்டும் 64 என்றே காட்டும், அங்கே 960ஐ 1000 உடன் ஒப்பிடுங்கள்.