சம்பளத்துல பிடிக்காம விட்ட 186 டாலர்

குழு: நம்ம வீடு (அமெரிக்கா)
19 செப்டம்பர் 2020, சனிக்கிழமை

கார்த்தி: நேத்து சம்பளம் வந்துச்சு, 186 டாலர் அதிகமா இருக்கு. பே ஸ்டப் எடுத்து பாத்தா சோஷியல் செக்யூரிட்டிக்கு, அதான் பென்ஷன் நிதிக்கு பிடிக்கிற எடத்துல 0.00ன்னு போட்டிருக்கு, மெடிகேர் (வயசானவங்க மருத்துவ காப்பீடு) மட்டும் எப்பவும்போல பிடிச்சிருக்காங்க. ட்ரம்ப் சொன்ன டாக்ஸ் கட் இதானா மாமா?

ரகு மாமா: கட் இல்லப்பா, தள்ளி வச்சிருக்காங்க அவ்வளவுதான். ரெண்டு வாரத்துக்கு 3,000ன்னா 6.2 பர்சன்ட் 186, கரெக்டா வருது. டிசம்பர் 31 வரைக்கும் பிடிக்க மாட்டாங்க, அப்புறம் ஜனவரிலேர்ந்து ஏப்ரல் 30க்குள்ள அத்தனையும் திரும்ப எடுத்துப்பாங்க, அப்ப வழக்கமா போற 186ம் போகும் இந்த பழைய பாக்கியும் சேந்து போகும், ஒவ்வொரு சம்பளத்துலயும் கிட்டத்தட்ட 372. அந்த பணத்த தொடாத.

கார்த்தி: எனக்கு வேணாம்னு சொல்லிடலாம்னு ஆபீஸ்ல கேட்டேன் மாமா. பெடரல் கவர்மென்ட் ஸ்டாஃப், ரெண்டு வார சம்பளம் 4,000க்கு கீழ இருந்தா கட்டாயம்ங்கறாங்க.

ரகு மாமா: ஆமா, மிலிட்டரிலயும் அதே கதைதான். பிரைவேட் கம்பெனிகளுக்கு மட்டும் இஷ்டம்னு விட்டாங்க, பெரும்பாலான கம்பெனி பக்கத்துலயே வரல. நடுவுல ஒருத்தர் வேலைய விட்டு போயிட்டா அந்த பாக்கி கம்பெனி தலையில விழும்ல. கம்பெனிகளோட சங்கமான சேம்பர் ஆஃப் காமர்ஸே இது நடக்கிற காரியமில்லன்னு சொல்லிட்டாங்க.

பெரியம்மா: ரகு எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்துச்சு, 2023ல சோஷியல் செக்யூரிட்டில காசே இருக்காதாம். நெஜமாடா? எனக்கு மாசா மாசம் வர்றது அது ஒண்ணுதான். ராத்திரி பூரா தூக்கமில்ல.

ரகு மாமா: அக்கா பயப்படாதீங்க. அது பாதி விஷயம். எதிர்க்கட்சியான டெமாக்ரட் செனட்டருங்க கேட்ட கேள்விக்கு சோஷியல் செக்யூரிட்டி சீஃப் ஆக்சுவரி, அதாவது நிதி எவ்வளவு நாள் வரும்னு கணக்கு போடற தலைமை அதிகாரி, ஆகஸ்ட் 24ந்தேதி பதில் எழுதினாரு. அடுத்த ஜனவரிலேர்ந்து இந்த வரியவே மொத்தமா எடுத்துட்டு வேற எங்கேருந்தும் பணமும் போடலன்னா, மாற்றுத்திறனாளிகளுக்கான நிதி 2021 நடுவுலயும் ரிடயர் ஆனவங்களுக்கான நிதி 2023 நடுவுலயும் காலியாகும்னு கணக்கு. அப்படி ஒரு சட்டம் யாரும் கொண்டு வரல. இப்ப நடக்கிறது நாலு மாச தள்ளிவைப்பு, உங்க பணம் வழக்கம்போல பேங்க்ல விழும்.

பெரியம்மா: அப்பாடா. நீ சொன்னா சரிடா.

சேகர் சித்தப்பா: ட்ரம்ப குறை சொல்றீங்களே, அந்த மனுஷன் வேற என்ன பண்ணுவாரு? டெமாக்ரட் தலைவி, ஹவுஸ் (கீழ்சபை) சபாநாயகர் பெலோசி மே மாசம் கொரோனா நிவாரணத்துக்கு 3 ட்ரில்லியன் டாலருக்கு ஒரு பில்லு பாஸ் பண்ணிட்டு அதுலேர்ந்து எறங்கவே மாட்டேன்னு ஒக்காந்திருக்காங்க. பேசி பேசி ஆகஸ்ட் 7ல எல்லாம் முறிஞ்சு போச்சு, மறுநாளே ட்ரம்ப் இந்த தள்ளிவைப்பு உத்தரவுல கையெழுத்து போட்டாரு. ஜெயிச்சா இந்த பாக்கிய தள்ளுபடி பண்றேன்னும் சொல்லியிருக்காரு.

ரகு மாமா: மச்சான், தள்ளுபடி பண்ணனும்னா காங்கிரஸ்தான் சட்டம் போடணும், அவரு கையில இல்ல. பெலோசி நாங்க ஒரு ட்ரில்லியன் எறங்கறோம் நீங்க ஒரு ட்ரில்லியன் ஏறுங்கன்னாங்க, வெள்ளை மாளிகை ஒத்துக்கல. இந்த வரிய குறைக்கணும்னு ஜூலைல ட்ரம்ப் புடிச்ச புடியா நின்னாரு, அவரு கட்சி செனட்டருங்களே தங்களோட பில்லுல அத சேக்கல. டெமாக்ரட்ஸையும் விட்டுடல நான், பத்தாம் தேதி செனட்ல ட்ரம்ப் கட்சியோட ரிபப்ளிக்கன் பில்லு வந்துச்சே, வாரம் 300 இருந்துச்சு அதுல, 52க்கு 47ன்னு ஓட்டு விழுந்து, மேல போக வேண்டிய 60 ஓட்டு இல்லாம செத்துப்போச்சு. மாநிலங்களுக்கு பணம் இல்ல, ஸ்டிமுலஸ் செக் இல்லன்னு ஒரு டெமாக்ரட் கூட போடல. காரணம் சரியாவே இருக்கட்டும், வேல இல்லாதவங்க கையில அந்த 300ம் வரலயே.

சித்ரா: சித்தப்பா நான் ஒண்ணு கேக்கறேன் தப்பா எடுத்துக்காதீங்க. சம்பளம் வர்றவங்களுக்குத்தானே சம்பள வரி? மார்ச் கடைசில கொரோனாவால நான் வேல பாத்த ஹோட்டல மூடினாங்க, அன்னிலேர்ந்து எனக்கு சம்பளமே கெடையாது. ஃப்ளோரிடால வேல போனவங்களுக்கு வாரம் 275தான் அதிகபட்சம். அது மேல பெடரல் பணம் 600 வந்துட்டு இருந்த வரைக்கும் வாடகை, பாப்பாவுக்கு வேணுங்கறது எல்லாம் சமாளிச்சேன், ஜூலை கடைசில அது நின்னுச்சு. அப்புறம் ஃபீமா பேரிடர் பணத்துலேர்ந்து 300ன்னாங்க, அதுவும் செப்டம்பர் 5ந்தேதி வாரத்தோட முடிஞ்சுதாம். இந்த 6.2 பர்சன்ட் எனக்கு எந்த விதத்துல உதவும் சொல்லுங்க.

சேகர் சித்தப்பா: நீ சொல்றது நியாயம்தாம்மா. உன் நெலமைக்கு அந்த 600ஐ கொஞ்சம் கொறச்சாவது குடுத்திருக்கணும். இதுல நான் எந்த கட்சிக்கும் பேச மாட்டேன்.

ரகு மாமா: 2011லயும் இதே வரிக்கு சண்டை போட்டாங்க மச்சான், ஞாபகம் இருக்கா? அப்ப நெஜமாவே கொறச்சாங்க, 6.2லேர்ந்து 4.2, நிதிக்கு கொறஞ்சத கஜானாலேர்ந்து போட்டாங்க, யாரும் திருப்பி கட்டல. அத நீட்டிக்கத்தான் இழுபறி. கோடீஸ்வரங்க மேல வரி போடலாம்னு டெமாக்ரட்ஸ், கீஸ்டோன் எண்ணெய் பைப்லைன் திட்டத்த சேத்தாத்தான்னு ரிபப்ளிக்கன்ஸ். ரெண்டு மாசத்துக்கு மட்டும்னு செனட் 89க்கு 10ல பாஸ் பண்ணிச்சு, ஹவுஸ் முடியாதுன்னுச்சு, கடைசில டிசம்பர் 23ந்தேதி இறங்கி வந்தாங்க. நான் அப்ப பேரோல் போட்டுட்டு இருந்தேன், ஜனவரிக்கு எந்த ரேட்ட போடறதுன்னு தெரியாம கிளையன்ட் ஒவ்வொருத்தரும் போன் பண்ணிட்டே இருந்தாங்க. ஆனா அன்னிக்கு ஏதோ ஒண்ணு முடிஞ்சுது. இந்த தடவ அதுவும் இல்ல.

கார்த்தி: அக்கா நான் இந்த 186ஐ ஒவ்வொரு தடவையும் உனக்கு அனுப்பலாம்னு இருந்தேன்.

ரகு மாமா: அது வேண்டாம்டா, ஏப்ரல்ல நீ மாட்டிப்ப. சேவிங்ஸ்ல தனி அக்கவுண்ட் போட்டு அதுல போட்டு வை. சித்ரா, வாடகை எவ்வளவு பாக்கி?

சித்ரா: ஆகஸ்ட் பாதி, செப்டம்பர் முழுசா. வீட்டு ஓனர் காலி பண்ண சொல்லி லெட்டர் ஒட்டிட்டு போயிருக்காரு மாமா.

ரகு மாமா: செப்டம்பர் 4லேர்ந்து சிடிசி (நோய் தடுப்பு மையம்) ஆர்டர் இருக்கும்மா, வாடகை பாக்கிக்காக டிசம்பர் 31 வரைக்கும் வெளிய அனுப்ப முடியாது. ஆனா தானா நடக்காது, டிக்ளரேஷன் ஃபார்ம் எழுதி நீதான் அவருகிட்ட குடுக்கணும். வருமானம் போச்சு, இந்த வருஷம் 99,000க்கு மேல வராது, முடிஞ்சத கட்டிட்டு இருக்கேன்னு அதுல சத்தியம் பண்ற மாதிரி. பாக்கி தள்ளுபடி ஆகாது, அதனால கொஞ்சமாவது கட்டி ரசீது வாங்கி வச்சுக்கோ. ஆகஸ்ட் பாக்கிய நான் இன்னிக்கே அனுப்பறேன்.

சேகர் சித்தப்பா: செப்டம்பர்ல பாதி என்னது.

சித்ரா: மாமா... சித்தப்பா... சரி. அக்ரிமென்ட்ல என் புருஷன் பேரும் என் பேரும் இருக்கு, ஒரே ஃபார்ம் போதுமா?

ரகு மாமா: இல்லம்மா, ரெண்டு பேரும் தனித்தனியா போடணும். கையெழுத்து போட்டதும் ஒரு காப்பி போட்டோ எடுத்து வச்சிட்டு திங்கக்கிழமையே குடுத்துடு.