எம்எஸ்-20 சிந்தசைசரைக் கணினியிலிருந்து இயக்குவது குறித்து உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 1978இல் அறிமுகமான கோர்க் எம்எஸ்-20 அனலாக் சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) ஒன்று என்னிடம் உள்ளது. அதன் ஃபில்டரின் (ஒலியை வடிகட்டும் பகுதி) முரட்டு ஒலிக்கு ஈடாக வேறொன்றை நான் கேட்டதில்லை. மிடி (இசைக்கருவிகளும் கணினியும் சுரக் கட்டளைகளைப் பரிமாறும் முறை) வசதி இல்லாத அந்தக் கருவியைக் கணினியில் அமைக்கும் சுரவரிசைகளுக்கு இசைய வைக்க விரும்புகிறேன்.

இத்தகைய கருவிகளில் சுரத்தைத் தீர்மானிப்பது உள்ளீட்டு மின்னழுத்தமே. பெரும்பாலான கருவிகள் ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்ற முறையைப் பின்பற்ற, இதுவோ ஹெர்ட்ஸ்/வோல்ட் முறையில் இயங்குவதால், ஒவ்வொரு ஸ்தாயி ஏறும்போதும் மின்னழுத்தம் 1, 2, 4, 8 வோல்ட் என இரட்டிப்பாக வேண்டும். கீழ்ஸ்தாயியில் அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையிலான வேறுபாடு சில பத்து மில்லிவோல்ட்டாகச் சுருங்கிவிடுவதால், அங்கே சிறு பிழையும் சுருதி விலகலாகக் காதில் விழும். என் முதன்மைக் கவலை இதுதான்.

சுரத்தைத் தொடங்கச் சொல்லும் டிரிக்கர் உள்ளீடும் நேர் மின்னழுத்தத்தை எதிர்பார்க்காமல், கிரவுண்டுடன் இணைக்கப்படும்போதே இயங்குகிறது. இதற்கு சுவிட்சாக இயங்கும் ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரும் பேஸ் ரெசிஸ்டரும் போதும் என்று கருதுகிறேன். சுரவரிசைகளைத் தானாக இசைக்கும் கோர்க் எஸ்க்யூ-1 சீக்வென்சர் மேற்கண்ட இரு மின்னழுத்த முறைகளையும் ஆதரித்தாலும், அதன் 16 படிகள் நீண்ட வரிசைகளுக்குப் போதாது.

கீழ்ஸ்தாயியிலும் சுருதி பிசகாத மிடி மாற்றி (மிடி கட்டளைகளை மின்னழுத்தமாக மாற்றும் கருவி) எது, அதை எவ்வாறு அளவுதிருத்தம் செய்வது என்பதைப் பயன்படுத்திய அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாவேன்.