ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் இதயத்தின் குருதிக்குழாய்களும் சரியா?

கோண்டாவிலான்:
வணக்கம். என் அண்ணாவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்ததால், 43 வயதாகும் நானும் பயந்து ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன். குறை எதுவும் இல்லை என்றார்கள். தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தாலும் எனக்கு நெஞ்சுவலியோ மூச்சுவாங்கலோ இல்லை. ஆனால் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு 168 என்று வந்திருக்கிறது; நாளுக்கு நாலைந்து சிகரெட்டும் பழக்கம். வலியில்லாத நான் குளிசை எடுக்கத்தான் வேண்டுமா, தேங்காய்ப்பாலை நிறுத்தினால் போதாதா?

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.சி.ஜி. அந்த நேரத்து இதயத்தின் மின்னியக்கத்தைத்தான் காட்டும். இதயத்தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகளின் சுவருக்குள் என்ன படிந்திருக்கிறது என்பதைக் காட்டாது. எல்.டி.எல். இளம் வயதிலிருந்தே அந்தச் சுவருக்குள் புகுந்து, அழற்சியோடு சேர்ந்து திட்டாக வளர்கிறது. நாடியின் பெரும்பகுதி ஒடுங்கிய பிறகே உழைக்கும்போது நெஞ்சு இறுகும். அதற்கு வெகு முன்னரே ஒரு திட்டின் மெல்லிய மூடி கிழிந்து, அதன்மேல் குருதி உறைந்து, சில நிமிடங்களில் நாடியை அடைத்துவிடலாம். முதல்நாள் வரை வலியறியாதவர் திடீரென விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருப்பது உங்கள் ஆபத்தையும் கூட்டுகிறது. குருதி அமுக்கம், சீனி, புகை, குடும்ப வரலாறு அனைத்தையும் சேர்த்துப் பார்த்தே குளிசை தேவையா என்பதை வைத்தியர் முடிவுசெய்வார்; ஆகவே அறிக்கையோடு கிளினிக்குக்குப் போங்கள். சிகரெட்டை விடுவதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளுக்கு ஒன்று பிடித்தாலே ஆபத்து கணிசமாகக் கூடுகிறது. முற்றாக விட்டால் ஓராண்டில் அந்த மேலதிக ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிறது.

சுன்னாகத்துச் சமையல்:
தேங்காய்ப்பாலின் நிரம்பிய கொழுப்பு எல்.டி.எல்.ஐ உயர்த்தும் என்பது உண்மை. எங்கள் வீட்டில் சொதிக்கு முதற்பால் விடுவதை நிறுத்திவிட்டோம். இரண்டாம் பாலில் பச்சைமிளகாயும் வெந்தயமும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறக்கிய பின் தேசிப்புளி விட்டால் சுவை குறைவதில்லை. ஆனால் தேங்காயை மட்டும் பழிசொல்லிவிட்டு, மாலைத் தேநீரோடு பொரித்த ரோல்ஸும் பற்றிஸும் சாப்பிட்டால் பயன் என்ன? சோற்றைக் குறைத்து, முருங்கையிலை வறையையும் சூடைமீன் குழம்பையும் கூட்டுங்கள். கருவாடும் ஊறுகாயும் உப்பை ஏற்றிவிடும். முழு நாளுக்கும் 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும்.

வடமராட்சியான்:
ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். சலரோகம் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும், பெண்களில் பலருக்கும், மாரடைப்பு நெஞ்சுவலியாக வராமல் வியர்வை, ஓங்காளம், மூச்சுத்திணறல், தாடை நோவு என்று வரலாம். எங்கள் ஊரில் அதை வாய்வுக் குத்து என்று எண்ணி, இஞ்சிப் பிளேன்ரீ கொடுத்து விடியும்வரை படுக்கவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடைபட்ட நாடி திறக்கப்படாத ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை இறந்துகொண்டே போகிறது. இத்தகைய குறி கண்டால் நோயாளியை நடக்கவிடாமல், மோட்டார் சைக்கிளில் ஏற்றாமல், உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும், மீண்டும் எடுத்துப் பார்த்து, குருதிப் பரிசோதனையும் செய்யும்வரை வைத்தியசாலையிலேயே இருக்கச் செய்யுங்கள்.