அறுவடைக்கு மழை வராத ஊர்: ஒரே கேமைத் திரும்பத் திரும்ப ஆடுவது தப்பா?

வெண்ணாற்றங்கரை:
வீட்டில் ஆரம்பித்த சண்டை, இங்கே கொண்டுவருகிறேன். நமக்கு நீடாமங்கலம் பக்கம். சொந்தம் நாலு ஏக்கர், குத்தகை அஞ்சு. பகலெல்லாம் வயல். ராத்திரி சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் ஸ்டார்டியூ வேலி. தெரியாதவர்களுக்கு: தாத்தா விட்டுப்போன பாழடைந்த பண்ணையைத் திருத்தி விவசாயம் செய்கிற கேம். எரிக் பரோன் என்கிற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து படம், இசை, கதை எல்லாம் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார்.

நான் அதை முழுசாக ஆடுவதே கிடையாது. மூன்றாம் வருஷம் முதல் நாள் தாத்தா ஆவியாக வந்து பண்ணைக்கு மார்க் போடுவார். அதற்கு முந்தின நாள் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இப்போது ஓடுவது ஆறாவது பண்ணை. நேற்று சித்தப்பா பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பகலிலும் வயல், ராத்திரியும் வயலா? அதுவும் நட்டதையே நட்டுக்கிட்டு?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

கடைமடைக்காரன்:
சித்தப்பா கேட்டதில் என்ன தப்பு தம்பி? நான் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. மேட்டூரை ஜூன் 12 அன்றைக்கே திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்கிற நாளை ஜோசியர்தான் சொல்லணும். என் பையனும் நீங்கள் சொல்கிற கேமை ஆடுகிறான். ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். நெல் எட்டு நாளில் விளைகிறது! குளத்தை ஒட்டி நட்டால் ஆறே நாள், தண்ணீர்கூட ஊற்ற வேண்டாமாம். நிஜ வயலில் ஆடுதுறை 43 ரகம் போட்டாலே 110 நாள் ஆகும். சி.ஆர். 1009 ரகம் என்றால் அஞ்சு மாசத்துக்கு மேல். இதை ஆடுகிற பிள்ளைக்கு விவசாயத்தைப் பற்றி என்ன நினைப்பு வரும்? தெரியாத பட்டணத்துப் பிள்ளை ஆடினால்கூடச் சரி என்பேன். தெரிந்த நீங்களே ஆடுவது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

புதுசு தேடி:
நான் வேறு பக்கத்திலிருந்து அடிக்கிறேன். கேம் ஆடுவது தப்பே இல்லை. ஆடினதையே ஆடுவதுதான் தப்பு. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் கேம் வருகிறது. தெரிந்த வழியிலேயே ஆறு தடவை நடந்தால் அது விளையாட்டு இல்லை, ஜபம். அப்புறம் அந்தத் தாத்தா விஷயம். பரீட்சைக்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தை மாற்றுகிற கதை மாதிரி இருக்கிறது நண்பரே.

வெண்ணாற்றங்கரை:
பரீட்சை விஷயத்தில் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். நிஜத்திலும் அது தாத்தா நிலம்தான். அதை இங்கே விரிக்க வேண்டாம்.

கடைமடை அண்ணே, எட்டு நாள் நெல்லை நானும் சிரித்துக்கொண்டேதான் அறுக்கிறேன். என்னைப் பிடித்து வைத்திருப்பது நெல் இல்லை, வீட்டு வாசலில் இருக்கிற மரப்பெட்டி. விளைந்ததை அதில் போட்டுவிட்டுப் போய்த் தூங்கினால் காலையில் பணம் கணக்கில் இருக்கும். எடை போடுகிறவர் இல்லை, மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறவர் இல்லை.

போன குறுவையை அறுத்து அரசு நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். காலையில் ரோட்டில் பரப்பு, சாயங்காலம் கூட்டி அள்ளு, தார்ப்பாயைப் போர்த்து. நாலாம் நாள் ராத்திரி மழை. விடிந்ததும் குவியலுக்கு அடியில் கையை விட்டால் வெந்நீர்ப் பானைக்குள் விட்ட மாதிரி சூடு. ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். நாலைந்து நெல் முளைவிட்டு, நகக்கண் அளவுக்கு வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கேமில் நாளைக்கு மழை என்று டிவியில் சொன்னால் மழைதான். பெய்தால் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம். முற்றிய பயிர் வயலிலேயே நின்றாலும் அழுகாது. ஒரு பருவத்துக்கு 28 நாள். 28 முடிந்து பருவம் மாறினால் அந்தப் பருவத்துப் பயிர் காய்ந்துவிடும். நஷ்டம் அங்கேயும் உண்டு, ஆனால் முன்கூட்டியே எழுதி வைத்த நஷ்டம். எனக்கு அது போதும்.

பட்டுக்கோட்டை பஸ்:
சண்டையில் நானும் சேரலாமா? என்னுடையது வைஸ் சிட்டி. 2002-ல் வந்த கேம். எங்களுக்கு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஆடிய கேம். சீட் கோடு எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்போம். ஊரையே சுட்டுத் தள்ளுகிற கதாநாயகன் டாமிக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரில் விழுந்தால் கதை முடிந்தது. ஆத்தங்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய நகைச்சுவை என்ன வேண்டும்? எவன் முழுகினாலும் சென்டரே சிரிக்கும்.

இப்போதும் வருஷத்துக்கு இரண்டு தடவை ஆடுகிறேன். மிஷன் எல்லாம் இல்லை (அந்த பொம்மை ஹெலிகாப்டரில் வெடிகுண்டு வைக்கிற மிஷனை இன்னொரு ஜென்மத்தில்தான் தொடுவேன்). கடற்கரை ரோட்டில் ஒரு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரேடியோ கேட்டபடி சுற்றுவேன், அவ்வளவுதான்.

ஏன் என்று எனக்கே 2018 வரைக்கும் தெரியாது. நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தது. எங்கள் தோப்பில் 140 தென்னை, மறுநாள் நின்றது பதினொன்று. கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. வந்த அன்றைக்கு ராத்திரி பழைய சிஸ்டத்தைத் துடைத்துப் போட்டு வைஸ் சிட்டியைத் திறந்தேன். அந்தக் கேமின் ஆரம்பத்தில் புயல் எச்சரிக்கை என்று சொல்லிப் பாலங்களை மூடி வைத்திருப்பார்கள். சின்ன வயசில் அதைக் கவனித்ததே இல்லை. சில மிஷன்களை முடித்தால் பாலம் திறந்துவிடும், புயல் வரவே வராது. ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் தென்னை மாதிரி வரிசையாக நிற்கும். அன்றைக்கு ஒரு மணி நேரம் வண்டியைக்கூட எடுக்கவில்லை, நடந்துகொண்டே இருந்தேன்.

புதுசு தேடி:
இதற்கு என்ன பதில் சொல்வது, சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆறுதல் தந்தது கேமா, இல்லை பிரவுசிங் சென்டரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளிகளா? அதே கேமை இன்றைக்கு ஒரு பதினெட்டு வயசுப் பையனிடம் கொடுங்கள், பத்து நிமிஷத்தில் மூடி வைத்துவிடுவான்.

பட்டுக்கோட்டை பஸ்:
மூடட்டுமே. என் அம்மா வைக்கிற ரசம் உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் சொன்னேனா?

கடைமடைக்காரன்:
பஸ் தம்பி, அந்த ராத்திரி நானும் இந்தப் பக்கம்தான் இருந்தேன். ஓடு பறந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வெண்ணாற்றங்கரைத் தம்பியிடம் கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது. நெல்லு முளைத்துக் கிடந்தது என்றீர்கள். படிக்கும்போதே வயிறு எரிந்தது. ராத்திரி அந்த மரப்பெட்டியில் போட்டு, காலையில் பணம் வந்ததைப் பார்த்து மனசு ஆறிவிட்டால், மறுநாள் கொள்முதல் நிலையத்தில் போய்ச் சத்தம் போட யார் இருப்பார்கள்? ஆறக்கூடாத வயிற்றெரிச்சல் என்று சிலது உண்டு. அதை ஆற்றிவிடுகிற எதன் மேலும் எனக்குச் சந்தேகம்தான். என் பையனிடமும் இதைத்தான் சொல்கிறேன், அவன் இயர்போனை மாட்டிக்கொள்கிறான்.

வெண்ணாற்றங்கரை:
அண்ணே, ஒன்பது நாளும் அங்கேதான் கிடந்தேன். ஆறாம் நாள் மறியலில் ரோட்டில் உட்கார்ந்தேன், போலீஸ் வேனில் ஏற்றி மண்டபத்தில் வைத்து சாயங்காலம் விட்டார்கள். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அப்புறம்தான் சிஸ்டத்தைப் போட்டேன். மறுநாள் காலையில் திரும்பவும் போனேன். கேம் ஆடியதால் கோபம் குறையவில்லை. தூக்கம் வந்தது, அவ்வளவுதான். தூங்காமல் போயிருந்தால் நான் யார் மண்டையையாவது உடைத்திருப்பேன்.

கடைமடைக்காரன்:
மண்டபத்தில் வைத்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா. சரி, உங்கள் விஷயத்தில் ஒரு படி இறங்குகிறேன். பையன் விஷயத்தில் இறங்க மாட்டேன். அவன் மறியலுக்கும் வரவில்லை, நாற்று பறிக்கவும் வரவில்லை. இந்த கேம் பைத்தியத்தை உலக சுகாதார நிறுவனமே வியாதி என்று சொல்லிவிட்டதாகப் பேப்பரில் படித்தேன்.

நைட் டூட்டி:
தஞ்சாவூரில் செவிலியர் வேலை. பெரும்பாலும் இரவுப் பணி, அதனால் இந்தப் பெயர். அண்ணா, அவர்கள் நோய்ப் பட்டியலில் அதைச் சேர்த்தது உண்மை. 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கேம் ஆடுகிறவர் எல்லாருக்கும் அது பொருந்தாது. நிறுத்த நினைத்தாலும் முடியாமல், சாப்பாடு வேலை உறவு எல்லாவற்றையும் அது தள்ளிவிட்டு, பொதுவாக ஒரு வருஷமாவது இப்படியே நீடித்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வோம். ஒரு மணி நேரம் ஆடிவிட்டு விடிகாலையில் வயலுக்குப் போகிறவரிடம் இதைக் கொண்டுவர முடியாது. உங்கள் பையனைப் பற்றி நான் பார்க்காமல் சொல்லக்கூடாது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், சாலை விபத்தில் சிக்கி வந்த 71 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2017-ல் வெளியிட்டார்கள். விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள் ஒரு பாதிப் பேரை விபத்தை நினைத்துக்கொள்ளச் சொல்லி, அப்புறம் டெட்ரிஸ் ஆட வைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் விபத்துக் காட்சி தானாக மனசில் வந்து அடிப்பது அவர்களுக்குக் குறைவாக இருந்தது. கட்டைகளைத் திருப்பி அடுக்குகிற வேலையில் மனக்கண் மாட்டிக்கொள்வதால் அந்தக் காட்சி அழுத்தமாகப் பதிவதில்லை என்பது அவர்கள் விளக்கம். பஸ் அண்ணனின் மரங்களுக்கு இது பொருந்துமா என்றால், பொருந்தாது. அது இருபது நாள் கழித்து நடந்தது. சும்மா சொல்லத் தோன்றியது.

எல்லா கேமும் ஆறுதல் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2009-ல் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் வந்ததே, நினைவிருக்கிறதா? விதைத்துவிட்டு நேரத்துக்குத் திரும்பி வராவிட்டால் பயிர் வாடிக் கிடக்கும். டூட்டி நடுவில் பாத்ரூமுக்குள் நின்று கத்தரிக்காய் பறித்தவள் நான். 2020 டிசம்பர் 31-ஓடு அதை மூடினபோது விடுதலை என்றுதான் இருந்தது. வெண்ணாற்றங்கரை ஆடுவதில் நாம் மூடி வைத்தால் அங்கேயும் பொழுது நிற்கும். இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

புதுசு தேடி:
சிஸ்டர், எல்லாம் சரி. என் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. முடிவு தெரிந்த பிறகு விளையாட்டில் என்ன இருக்கிறது?

நைட் டூட்டி:
எங்கள் அப்பாயி பல்லாங்குழியில் தனியாக ஆடும். இன்னொரு ஆள் வேண்டாம், ஒரு பக்கத்து ஏழு குழி போதும். இடமிருந்து வலமாக 7, 6, 5, 4, 3, 2, 1 என்று புளியங்கொட்டை. ஏழு இருக்கிற குழியை வழித்து, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கடைசிக் குழி தாண்டினால் முதல் குழி. ஏழாவது கொட்டை எடுத்த குழியிலேயே வந்து விழும். இப்போது பாருங்கள், 1, 7, 6, 5, 4, 3, 2. வரிசை அப்படியே ஒரு குழி நகர்ந்திருக்கும். மறுபடி ஏழை எடு, மறுபடி போடு. ஏழாவது தடவை முடிந்ததும் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடும். ஜெயிப்பது தோற்பது எதுவுமில்லை. சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சீதை தனியாக உட்கார்ந்து ஆடியது என்று அப்பாயி சொல்லும். தாத்தா போன பிறகு அது மத்தியானம் முழுக்க இதைத்தான் ஆடியது.

புதுசு தேடி:
இதில் நாம் முடிவெடுக்க ஒன்றுமே இல்லையே. எந்தக் குழியை எடுப்பது என்பதுகூட அதுவே சொல்லிவிடுகிறது. இதை விளையாட்டு என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நைட் டூட்டி:
ஒத்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் முடிவெடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 28 கொட்டை. இங்கே ஒரு பருவத்துக்கும் 28 நாள். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன், "அதுக்கு?" என்றார்.

கடைமடைக்காரன்:
பரணில் அம்மா வைத்திருந்த பல்லாங்குழி கிடைத்தது. பையனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான், சொல்லத் தோன்றியது. இரண்டாவது தடவை எடுக்கும்போதே கணக்கு இடிக்கிறது. 7 இருக்க வேண்டிய குழியில் 8 இருக்கிறது. சிஸ்டர், நீங்கள் சொன்ன முறையில் ஏதோ தப்பு.

நைட் டூட்டி:
முறையில் தப்பில்லை அண்ணா. கொட்டையை எண்ணுங்கள்.

கடைமடைக்காரன்:
29.